இரண்டாவது பெட்டி

வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று நாள் முழுக்க யாராவது ஒருவர் போனில் புலம்பிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் புலம்பலையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிற அலுவலகம் அது. நான்காவது மாடி முழுக்க ஒரே கூடம். இருநூறு நாற்காலி, இருநூறு திரை, தலையில் மாட்டிய இருநூறு ஹெட்செட். உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். ஆனாலும் பாதிப் பேருக்கு இடுப்புவலி, மீதிப் பேருக்குக் கழுத்துவலி.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு திட்டம் வந்தது. மணிக்கு ஒரு முறை எல்லோரும் எழுந்து நின்று மூன்று நிமிடம் கைகாலை ஆட்ட வேண்டும். முன்னால் நின்று நடத்த ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவள் என்று யாரோ போட்டுக்கொடுக்க, ஒன்பதாவது வரிசையில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் அதைக் கட்டினார்கள். கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பெயரே ‘விசில்’ ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் பழைய பெயர் மிச்சம்.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. விசில் ஊதியதும் இருநூறு பேர் எழுந்து நிற்பார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பக்கத்து இருக்கைப் பையனுக்கு ‘மைக்’ என்று பெயர், அவன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “தாயே, எங்களை வாழவைக்க வந்த தெய்வமே, இன்னிக்கு முட்டியை விட்டுரு,” என்று கும்பிட்டுக்கொண்டே குனிந்து நிமிர்வான். இரண்டே மாதத்தில் கழுத்துவலிக்காக விடுப்பு எடுப்பவர்கள் குறைந்தார்கள். துறை ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. எச்.ஆர். மேடம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் விசிலுக்கு மூன்று மாதமாக ஒரு தொல்லை இருந்தது.

முதலில் சிறுநீர் போகும்போது எரிச்சல். சூடு என்று நினைத்து நிறையத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டும். எழுந்து போனால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். ஒரு ஷிஃப்டுக்கு எட்டு நிமிடம்தான் கழிப்பறைக்கு. அதைத் தாண்டினால் டீம் லீடர் வந்து தோளுக்குப் பின்னால் நிற்பார். அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். அப்புறம் வெள்ளைப்பட ஆரம்பித்தது. அப்புறம் அடிவயிற்றில் ஒரு வலி, யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல. மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, “எரிச்சலுக்கு ஏதாவது குடுங்க,” என்றாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நான்கு மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் அடங்கியது, மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

தொல்லை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவளுக்கு ஓர் ஊகம் இருந்தது. அதே மாடியில் வேலை பார்த்த ஒருவனுடன் ஒன்பது மாதம் பழகியிருந்தாள். எப்போதும் தொப்பி போட்டிருப்பான். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதன் பிறகும் இரண்டு முறை வந்து போனான். சண்டை எதுவும் இல்லை, தூரம்தான் பிரித்தது. ஊகம் இருந்தாலும் அதை யாரிடம் சொல்வது? நாளெல்லாம் போனில், “உங்கள் பிரச்சினையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்டுப் பிழைப்பவளுக்குத் தன் பிரச்சினையைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, உடற்பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பட்டைகளை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கால் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் இன்னொரு பெட்டி கிடந்தது. பட்டைகள் வந்த பெட்டியைப் போலவே நீல நிறம், அதே சுகாதாரத் துறை முத்திரை. மேலே ‘பெட்டி 2/2 – பணியிட இளைஞர் பாலியல் நலம்’ என்று ஒட்டியிருந்தது. டேப்பை யாரும் பிரிக்கவே இல்லை.

சாவிக் கொத்தால் கிழித்துத் திறந்தாள். உள்ளே கட்டுக்கட்டாகத் துண்டறிக்கைகள், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லி ஸ்டிக்கர்கள், ஆணுறைப் பொட்டலங்கள். ஒரு துண்டறிக்கையை எடுத்தாள். ‘சிறுநீர் கழிக்கையில் எரிச்சலா? வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதலா? அடிவயிற்றில் வலியா?’ என்று அடுத்தடுத்த வரிகளில் அவள் உடம்பை யாரோ கூடவே இருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ‘எளிதில் குணமாகும். விட்டுவிட்டால் கருக்குழாயைப் பாதிக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம், எண் மட்டும் போதும்.’ கீழே ஒரு முகவரி. அலுவலகத்திலிருந்து நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி. மாலை எட்டு மணி வரை.

பெட்டியின் பக்கவாட்டில் வந்து சேர்ந்த தேதி இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தையது.

அவள் உடைந்த நாற்காலி ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. ஆனால் அந்தத் தேதியைத் திரும்பப் பார்த்தபோது அழுகை நின்றுவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்பே அந்த ஸ்டிக்கர் கழிப்பறைக் கதவில் இருந்திருந்தால், முதல் எரிச்சல் வந்த அன்றே கண்ணெதிரே தெரிந்திருக்கும். யாரோ ஒருவருக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. அதற்காக இவள் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அன்று மாலையே போனாள். எண் நாற்பத்தொன்று. உள்ளே இருந்த நர்ஸைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. புதன்கிழமைதோறும் அலுவலகத்துக்கு வந்து எடை, ரத்த அழுத்தம் பார்க்கிற அதே நர்ஸ்.

நர்ஸ் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “உக்காருங்க. என்ன செய்யுது?” என்றார்.

“அது… ஒரு மாதிரி…” என்றாள். பிறகு துண்டறிக்கையை மேசைமேல் வைத்து மூன்று வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

“போதும், புரிஞ்சிருச்சு,” என்றார் நர்ஸ். சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள், டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனபோது முடிவு வந்திருந்தது. கிருமித் தொற்றுதான், கருக்குழாய்வரை போகவில்லை, ஆனால் போகிற வழியில் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள்.

“அவருக்கும் சொல்லணும்,” என்றார் நர்ஸ். “ஆம்பளைங்களுக்கு நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாமலே குடுத்துட்டுப் போவாங்க.” பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டார். “இந்தப் பேப்பர் உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“ஸ்டோர் ரூம்ல. பெட்டியே பிரிக்கலை.”

நர்ஸின் முகம் மாறியது. “எல்லாம் விநியோகிச்சாச்சுன்னு உங்க மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அந்தக் காகிதம் எங்க ஃபைல்ல இருக்கு.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்திலேயே நின்று அவனுக்குப் போன் செய்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லையே,” என்றான் அவன். “நல்லாத்தானே இருக்கேன்.”

“நீ நல்லாத்தான் இருப்பே. மூணு மாசம் அவஸ்தைப்பட்டது நான். நாளைக்கே போய்ப் பாரு. போனதுக்கு அடையாளமா சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.”

“சரி,” என்றான். மறுநாள் படம் வந்தது. அந்த மட்டுக்கும் நல்லவன்தான்.

மாத்திரை முடிந்த மறுநாள் அவள் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக வேலைக்கு வந்தாள். பெண்கள் கழிப்பறையில் ஆறு கதவு. உள்பக்கமாக ஆறு ஸ்டிக்கர். ஆண்கள் பக்கம் ஒட்ட மைக்கைப் பிடித்தாள். அவன் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினான். “ஏய், வேலை போயிரும்.”

“ஒட்டுவியா மாட்டியா?”

“ஒட்டுறேன், ஒட்டுறேன். கேட்டா நான் ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிப்பேன், அதை மட்டும் சொல்லிட்டேன்.”

ஆணுறைப் பொட்டலங்களை முதலுதவி அலமாரியில் பஞ்சுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். துண்டறிக்கைகளைத் தண்ணீர்க் குழாய் அருகே வைத்தாள். பகல் இரண்டு மணிக்குள் பொட்டலங்களில் பாதி காணாமல் போயிருந்தன. மூன்று மணிக்கு ஸ்டிக்கர்களும் காணாமல் போயின. மூன்றரைக்கு எச்.ஆர். மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

மேடத்தின் மேசைமேல் கிழிந்த ஸ்டிக்கர்கள் சுருண்டு கிடந்தன. அவற்றைத் தொடாமல் பேனா முனையால் தள்ளினார். “இது என்ன அசிங்கம்?”

“சுகாதாரத் துறை அனுப்பினது மேடம். நம்ம சான்றிதழ்ல இருக்கிற அதே முத்திரை.”

“நம்ம பிள்ளைங்க நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. இதையெல்லாம் பாத்துத்தான் கெட்டுப்போகணுமா?”

“கெட்டுப்போகலை மேடம், சீக்காகுறாங்க. சீக்குக்கு மருந்து இருக்கு. இருக்குன்னு சொல்லத்தான் இந்தப் பேப்பர்.”

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் மோசமான மனுஷி இல்லை. யாருக்காவது பிரசவம் என்றால் தானே முன்னின்று வசூல் செய்து பூங்கொத்து வாங்குபவர். ஆனால் இந்த ஒரு விஷயம் என்றால் அவருக்கு உடம்பு கூசும். கூச்சம் கோபமானது, கோபம் குரலில் இறங்கியது. “உனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை? ஏதாவது இருக்கா? உங்க அம்மா நம்பர் ஃபைல்ல இருக்கு. நான் பேசட்டுமா?”

இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ அது கண்முன்னே மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வந்து உட்கார்ந்ததும் அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

“பேசுங்க மேடம்,” என்றாள். “நான் முதல்ல பேசிக்கிறேன். அப்புறம் நீங்க பேசுங்க.” கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி வைக்கச் சொன்னார் மேடம். கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா ஒரு சலவை நிலையத்தில் ஹோட்டல் விரிப்புகளைத் தேய்க்கிற வேலை பார்த்தாள். அம்மா வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் விசில் டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பையனுடன் பழகியது, நோய், மருந்து, ஸ்டிக்கர், மேடத்தின் பொய்க் கையெழுத்து, மிரட்டல். சுற்றி வளைக்கவில்லை.

அம்மா டீயைக் குடிக்கவில்லை. பாலாடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்போ வலி இல்லையே?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லம்மா.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் அதன் பிறகு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை தட்டை வைக்கும்போது சத்தம் சற்று அதிகமாகவே கேட்டது. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லலாம். தட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அன்று பத்து மணிக்கு டீம் லீடர் விசில் ஊதினார். பழக்கமில்லாததால் காற்றுதான் வந்தது, யாரோ சிரித்தார்கள். இருநூறு பேரும் எழுந்தார்கள். எச்.ஆர். மேடம் கண்ணாடிக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வரிசையிலிருந்து விசில் முன்னால் நடந்து வந்தாள்.

“உன் இடத்துக்குப் போ,” என்றார் மேடம்.

“மூணு நிமிஷம் எல்லாருக்கும் பொது மேடம். கை காலை ஆட்டணும்னுதான் எழுதியிருக்கு. வாயை ஆட்டக்கூடாதுன்னு எங்கேயும் எழுதலை.”

அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். தோளைச் சுழற்ற ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் எல்லோரும் கூடவே சுழற்றினார்கள்.

“நேத்து டாய்லெட்ல ஒரு ஸ்டிக்கர் பாத்திருப்பீங்க. மத்தியானம் கிழிச்சிட்டாங்க. அதுல என்ன எழுதியிருந்ததோ அதெல்லாம் எனக்கு இருந்துச்சு. எரிச்சல், வெள்ளைப்படுறது, வயித்துவலி. மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் போய்ப் பாத்தேன். மாத்திரை குடுத்தாங்க. சரியாயிருச்சு. அவ்வளவுதான் விஷயம்.”

சுழன்றுகொண்டிருந்த தோள்கள் நின்றன. பின்வரிசையில் ஒருவன் பக்கென்று சிரித்தான். அவள் அவனையே பார்த்தாள். “சிரிங்க, பரவாயில்லை. சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்.” அவன் குனிந்துகொண்டான்.

“இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கும்னு நினைச்சேன். அப்படி ஒண்ணும் இல்லை. மூணு மாசமா இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு எட்டு நிமிஷத்தை எண்ணினதுதான் கஷ்டம். அம்மாகிட்ட சொல்லிட்டேன். அதனால இனிமே என்னைப் பயமுறுத்த யார்கிட்டயும் ஒண்ணும் கிடையாது. நம்மளுக்கு வந்த பெட்டி ரெண்டு. ஒண்ணைத்தான் குடுத்தாங்க. உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. தெரிஞ்சா சொல்றேன், தெரியலைன்னா நர்ஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்.”

மைக் தொண்டையைச் செருமினான். அவன் ஜோக் அடிக்கப்போகிறான் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்த எடம் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்?” என்று கேட்டான். சிரிக்காமல் கேட்டான்.

“எட்டு மணி வரைக்கும். நாலு ஸ்டாப் தள்ளி.”

“காசு?” என்றது மூன்றாவது வரிசையில் ஒரு பெண்குரல்.

“ஒண்ணும் கிடையாது. பேரும் வேண்டாம்.”

“கல்யாணம் ஆகலைன்னா ஏதாவது கேப்பாங்களா?”

“என்ன செய்யுதுன்னு கேப்பாங்க. வேற எதுவும் கேக்கலை.”

டீம் லீடர் நேரம் முடிந்ததாக விசில் ஊதினார். இந்த முறை சத்தம் நன்றாகவே வந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. திரைகளில் அழைப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்க ஆரம்பித்தன. எங்கோ யாருடைய வாஷிங் மெஷினோ காத்திருந்தது. நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். ஒருத்தி கேட்டு முடித்ததும் இன்னொருவன் கேட்டான். மேடம் இரண்டு முறை “உட்காருங்க” என்றார். பன்னிரண்டாவது நிமிடத்தில் கேள்விகள் தீர்ந்தன. அதன் பிறகுதான் உட்கார்ந்தார்கள், மேடம் சொன்னதற்காக அல்ல.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அன்றே கடிதம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் போன் அடித்தது. அம்மாவுக்கு அன்று மதியத்துடன் வேலை முடிந்திருந்தது. போனில் மேடத்தின் குரல் விசிலுக்கும் கேட்டது. “ஒரு தாய்கிட்ட இதைச் சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு…”

“சங்கடப்படாதீங்க,” என்றாள் அம்மா. “எனக்குத் தெரியும். எம்பொண்ணு அவ வாயாலயே சொல்லிட்டா. உங்ககிட்ட வந்த பேப்பரை நீங்க ஒழுங்கா ஒட்டியிருந்தா அவ மூணு மாசம் வலியோட உக்காந்திருக்க மாட்டா. அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?”

அந்தப் பக்கம் ஏதோ சொல்லப்பட்டது.

“வளர்ப்பைப் பத்தி நீங்க பேச வேண்டாம். பொய்க் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு சொல்லித்தான் நான் வளத்திருக்கேன்.” போனை வைத்துவிட்டாள். விசிலைப் பார்க்காமலே, “உன்மேல கோபம் இருக்கு. அது வேற,” என்றாள்.

விசாரணை ஒன்பது நாள் நடந்தது. ஐந்தாம் நாள், புதன்கிழமைதோறும் வருகிற அந்த நர்ஸ் துறையின் மேலதிகாரி ஒருவருடன், மேடம் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மைக்கும் இன்னும் முப்பத்தேழு பேரும் தங்கள் பெயரைப் போட்டே ஒரு மனு கொடுத்திருந்தார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்த முடிவு மட்டும் தெரியும். வரவேற்பறையிலிருந்த சான்றிதழைத் துறை திரும்ப எடுத்துக்கொண்டது. புதன்கிழமைகளில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை நர்ஸுக்கு ஒதுக்கினார்கள். ஸ்டிக்கர்களைத் துறையே ஆள் அனுப்பி ஒட்டியது. மேடம் அதே நாற்காலியில்தான் தொடர்ந்தார்.

விசிலைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ‘என் செயலுக்கு வருந்துகிறேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டி, “சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு,” என்றார் டீம் லீடர். அவள் அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். கீழே, ‘மூன்று நிமிடத்துக்கு மேல் பேசியது உண்மை. பேசியதற்கு வருந்தவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டீம் லீடர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கே வேறு ஆள் தேட அவர்களாலும் முடியவில்லை. தாள் ஃபைலுக்குள் போனது.

எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள் என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் இரண்டு பெண்கள் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் காலை அவள் மேசைமேல் மார்க்கரால் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. மைக் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“அழிக்காதே,” என்றாள். “இன்னிக்கு முழுக்க இருக்கட்டும். எழுதினவங்க பத்து தடவை இந்தப் பக்கமா நடந்து போகட்டும்.” அன்று முழுக்க அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அறுபத்திரண்டு அழைப்புக்குப் பதில் சொன்னாள். மாலையில் தானே துடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விசில் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். பேச்சு ஓரளவு பழைய நிலைக்கு வந்திருந்தது. பையனைப் பற்றி மட்டும் அம்மா இன்னும் பேசுவதில்லை.

“அந்த நர்ஸ்…” என்றாள் அம்மா, குழாயை மூடாமல். “வயசானவங்களையும் பாப்பாங்களா?”

“எதுக்கும்மா?”

அம்மா கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள். “கீழ என்னமோ எறங்கி வர்ற மாதிரி இருக்கு. நின்னு நின்னு தேய்க்கிறேன் இல்ல, சாயங்காலமானா உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. ரெண்டு வருஷமாச்சு. எங்க வேலைல நாலஞ்சு பேருக்கு இருக்கு. யாரும் சொல்லிக்கிறதில்லை.”

விசில் துண்டைக் கீழே வைத்தாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் அம்மாமேல் அல்ல. “ரெண்டு வருஷமா?” என்றாள்.

“நீ மூணு மாசம் சொல்லலை. என்னைக் கேக்க வந்துட்டா.”

விசில் போனை எடுத்து நர்ஸின் எண்ணைப் போட்டாள். அந்த மருத்துவமனை இளைஞர்களுக்கானது என்றும், பக்கத்துக் கட்டடத்தில் பெண்களுக்கான பிரிவு இருக்கிறதென்றும், திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்றும் நர்ஸ் சொன்னார்.

“திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கே,” என்றாள் அம்மா.

“எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேரும் லீவு. கேட்டா காரணத்தை எழுதிக் குடுப்போம். உன்கூட வேலை பாக்குற அந்த நாலஞ்சு பேரோட நம்பர் இருக்கா?”

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் ஆளின் எண்ணை அவளே அழுத்தினாள்.